காப்பி எடுத்தாச்சு சரி, திறந்து பார்த்தீர்களா?

கம்ப்யூட்டர் கேள்வி பதில்: ரிச்சி தெருவில் டேட்டா மீட்பு வேலை பார்ப்பவர் பதில் சொல்கிறார்

இடம் போதவில்லை, பழையதை எங்கே தூக்கி வைப்பது என்றுதான் இந்த முறை பெரும்பாலான கடிதங்கள் கேட்கின்றன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கே: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. கம்ப்யூட்டரில் 'சி' டிரைவ் சிவப்பாகிவிட்டது. பழைய போட்டோக்களை ஜிப் செய்தால் இடம் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். பேரப்பிள்ளைகள் போட்டோ, வீடியோ என்று 40 ஜிபி இருந்தது. ராத்திரி முழுக்க ஓடவிட்டு ஜிப் செய்தேன். வந்த ஜிப்பும் கிட்டத்தட்ட 40 ஜிபிதான். மூலத்தை அழிக்க மனம் வரவில்லை. இப்போது முன்பைவிட இடம் குறைந்துவிட்டது!
- வாசகி, மேற்கு மாம்பலம்

ப: மூலத்தை அழிக்காமல் விட்டீர்களே, அதுவே பெரிய நல்ல காரியம் அம்மா. அந்த ஜிப்பைத் தாராளமாக அழித்துவிடுங்கள், அதனால் ஒரு பயனும் இல்லை.

கேமராவும் போனும் படத்தை ஜேபெக் ஆகவும் வீடியோவை எம்பி4 ஆகவும் சேமிக்கும்போதே சுருக்கித்தான் வைக்கின்றன. ஏற்கெனவே பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் வரும்? ஜிப்பால் நன்றாகச் சுருங்குபவை வேறு: வெறும் எழுத்துக் கோப்புகள், பழைய எக்செல், பிஎம்பி, டிஃப் படங்கள், வேவ் ஒலிக் கோப்புகள். உங்கள் சான்றிதழ், பழைய கடிதங்களை யாராவது ஸ்கேன் செய்து கொடுத்திருந்தால் அவை பிஎம்பியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் கலரில் ஸ்கேன் செய்தால் பிஎம்பியில் சுமார் 26 எம்பி பிடிக்கும். அதே பக்கம் நல்ல தரமான ஜேபெக்கில் ஒன்றிரண்டு எம்பிதான்.

போட்டோவில் கை வைக்கும் முன் இடத்தை உண்மையில் யார் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். விஸ்ட்ரீ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. டிரைவ் முழுவதையும் அலசி, பெரிய கோப்புகளை வரிசையாகக் காட்டிவிடும். வாடிக்கையாளர்கள் கம்ப்யூட்டரில் இதை ஓட்டிக் காட்டினால் முதலில் கண்ணில் படுவது குழந்தைப் படங்களாக இருப்பதில்லை. புது விண்டோஸுக்கு மாறியபோது தங்கிப்போன 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டர், ஹைபர்னேஷனுக்காக (கம்ப்யூட்டரை உறங்கவைக்க) விண்டோஸ் ஒதுக்கி வைத்திருக்கும் பெரிய கோப்பு, டவுன்லோட்ஸில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் இன்ஸ்டால் ஃபைல்கள், இவைதான் இருக்கும். 'டிஸ்க் கிளீனப்' திறந்து 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' கொடுத்தால் பழைய விண்டோஸ் போய்விடும். ஆனால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் நீங்களாகப் போய் எதையும் அழிக்காதீர்கள். அங்கே 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்ற ஃபோல்டர் பெரிதாகத் தெரியும், தொடவே தொடாதீர்கள்.

அப்புறம் போட்டோக்களுக்கு வருவோம். இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள், ஒன்று போதாது. 'கட்' வேண்டாம், 'காப்பி' மட்டும் செய்யுங்கள். கட் செய்தால் ஒவ்வொரு கோப்பும் அங்கே போனவுடன் இங்கே அழிந்துகொண்டே வரும். நடுவில் கேபிள் ஆடினால், கரண்ட் போனால், எது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இரண்டிலும் காப்பி ஆனதும் டிஸ்கைக் கழற்றி மறுபடி செருகி, ஒவ்வொரு ஆண்டு ஃபோல்டரிலும் நாலைந்து படம், வீடியோவை நடுவிலிருந்து திறந்து ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் பாருங்கள். எல்லாம் ஓடினால்தான் மூலத்தை அழிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் எத்தனை பதில் எழுதினாலும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். காப்பி எடுத்தோம் என்று நம்பி, திறந்து பார்க்காமல் மூலத்தை அழித்துவிட்டு வருகிறவர்கள்தான் என் கடைக்கு அதிகம்.

கே: திருவல்லிக்கேணியில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். 1998 முதல் 2012 வரை செய்த கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக மலர், சங்க மலர், கவிதைப் புத்தகம் எல்லாம் பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருள்) கோப்புகளாக ஏறக்குறைய 200 சிடியில் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரிலும் கொஞ்சம் உண்டு. 'எல்லாத்தையும் ஒரே டிஸ்க்ல போட்டுட்டு சிடியையும் அந்தப் பழைய டப்பாவையும் தூக்கிப் போடுங்கப்பா' என்கிறான் மகன். செய்யலாமா?
- வாசகர், திருவல்லிக்கேணி

ப: மகன் சொல்வதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி வேண்டவே வேண்டாம் சார்.

இடம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு சிடி 700 எம்பி. 200 சிடியும் நிரம்பியிருந்தால்கூட 140 ஜிபிதான். 1 டிபி டிஸ்கில் மூலையில் அடங்கிவிடும். (1 டிபி வாங்கினால் கம்ப்யூட்டர் 931 ஜிபி என்று காட்டும், ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கம்பெனிக்காரர்கள் ஆயிரத்தால் கணக்குப் போடுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆல் கணக்குப் போடுகிறது.)

சிடியிலிருந்து எடுப்பதை இன்றே ஆரம்பியுங்கள். சிடியில் எழுதப்பட்ட அடுக்கு, லேபிள் பக்கத்துக்கு அடியில் மெல்லிய ஒரு பூச்சுக்குள் இருக்கிறது. அதன் மேல் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி வாடிக்கையாளர் பெயர் எழுதியிருந்தால் அந்த இடத்தில்தான் முதலில் படிக்காமல் போகும். கடல் காற்றும் ஈரமும் ஒட்டிய ஸ்டிக்கரைக் கிளப்பும், ஸ்டிக்கர் அடுக்கையும் சேர்த்துக் கிளப்பும். கிளம்பியிருக்கும் ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், அப்படியே டிரைவில் போட்டுப் பாருங்கள். 'சைக்ளிக் ரிடண்டன்சி' என்று எரர் வந்தால் அதோடு விட்டுவிடாமல் வேறு கம்பெனி டிரைவ் ஒன்றில் போடுங்கள். ஒரு டிரைவ் மறுத்த சிடியை இன்னொரு பழைய டிரைவ் அமைதியாகப் படித்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அதிலும் வரவில்லையென்றால் டிடிரெஸ்க்யூ மாதிரி, படிக்க முடிந்த பகுதியை எல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, முடியாததைப் பிறகு திரும்பத் திரும்ப முயலும் மென்பொருள் இருக்கிறது.

இனிமேல்தான் பெரிய விஷயம். நீங்கள் காப்பாற்ற வேண்டியது கோப்பை மட்டும் இல்லை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்த சொல்லை, பாமினி எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வரிசையாக நிற்கும். கோப்புக்குள் இருப்பதும் அவ்வளவுதான், அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகம் போட்டது எழுத்துரு. வானவில், ஸ்ரீலிபி, டாம், டாப் என்று தமிழ் எழுத்தைக் கோப்பில் குறிக்கும் முறைகள் பல, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கு. 1999 பிப்ரவரியில் இதே சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் இரண்டையும் முடிவு செய்தார்கள். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்குத் தமிழக அரசு 2010இல்தான் வந்தது. உங்கள் சிடிகள் பெரும்பாலும் அந்த இடைக்காலத்தில் பிறந்தவை. எந்த மலருக்கு எந்த எழுத்துரு போட்டீர்கள் என்பது இன்றைக்கு உங்கள் தலையில் இருக்கிறது, உங்கள் மகன் தலையில் இல்லை.

அதனால் எக்ஸ்பி பெட்டியின் எழுத்துரு ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுத்து டிஸ்கில் முதல் ஃபோல்டராக வையுங்கள். விசைப்பலகை மென்பொருள், அதன் இன்ஸ்டாலர், லைசென்ஸ் சீட்டின் படம், எல்லாம் கூடவே இருக்கட்டும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0. அதன் கோப்புகளை, அடுத்து வந்த இன்டிசைன் மென்பொருள் சிஎஸ்6 பதிப்பு வரை திறந்தது, அதற்குப் பிறகு வந்த பதிப்புகள் திறப்பதில்லை. எனவே அந்தப் 'பழைய டப்பா' உங்கள் ஆவணக் காப்பகத்தின் ஒரு பகுதி. அது ஓடும்போதே அதன் டிஸ்க் முழுவதையும் இமேஜாக (உள்ளது உள்ளபடி ஒரே கோப்பாக) எடுத்து, விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடவைக்க முடியும். கடையில் நானும் இப்படி ஓர் எக்ஸ்பியை இன்டர்நெட் தொடர்பில்லாமல் வைத்திருக்கிறேன். பழைய பேஜ்மேக்கர் கோப்போடு யார் வந்தாலும் அதில்தான் திறக்கிறேன்.

படங்களையும் கவனியுங்கள். பேஜ்மேக்கர் பெரிய படங்களைத் தனக்குள் வைக்காமல் எங்கோ ஒரு ஃபோல்டரைச் சுட்டிக்கொண்டிருக்கும். மலரைக் காப்பி எடுத்து, மூலவர் படத்தைப் பழைய 'டி' டிரைவிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. திறந்தால் பக்கத்தில் மங்கலான ஒரு மாதிரிப் படம்தான் தெரியும், அச்சுக்கு ஆகாது. 'சேவ் ஆஸ்' கொடுக்கும்போது கீழே இருக்கும் 'ஆல் லிங்க்டு ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒரே ஃபோல்டருக்கு வந்து சேரும்.

முக்கியமான வேலைகளுக்கு, எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் ஒன்றும் போட்டுவிடுங்கள். கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் வேண்டியதில்லை, ஆண்டுக்கு நாலு மாதிரி போதும். ஆனால் கோயில் மலரும் கவிதைப் புத்தகமும் வேறு. அவற்றின் உரையை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றி, வெறும் டெக்ஸ்ட் கோப்பாகவும் வையுங்கள். ஒரு தெருக்கோயிலின் திருப்பணிக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள், அந்தத் தெருவில் யார் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் அந்த மலரில் மட்டும்தான் இருக்கும். அச்சடித்த பிரதி செல்லரித்துப் போயிருக்கும், மிச்சம் உங்கள் சிடி.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்த புத்தகங்கள் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகி இன்று தரமணியில் இருக்கின்றன. அங்கே மைக்ரோஃபிலிம் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஃபிலிமைப் படிக்க ஒரு விளக்கும் ஒரு லென்ஸும் போதும். நம் பேஜ்மேக்கர் கோப்பைப் படிக்க ஒரு விண்டோஸ், ஒரு பேஜ்மேக்கர், ஓர் எழுத்துரு மூன்றும் உயிரோடு இருக்க வேண்டும். அதைத்தான் உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

ஜிப் செய்யலாமா என்றால், வேண்டாம். இடம் தாராளமாக இருக்கிறது. ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்தே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே பெரிய ஆர்கைவாகக் கட்டி வைத்தால், நடுவில் ஓர் இடம் கெட்டாலும் மொத்தமும் திறக்க மறுக்கலாம். தனித்தனிக் கோப்பென்றால் கெட்டது மட்டும் போகும்.

கே: மிக்ஜாம் மழையில் எங்கள் தரைத்தள வீட்டில் தண்ணீர் புகுந்தது. கம்ப்யூட்டரும், மேசை டிராயரில் இருந்த பேக்கப் டிஸ்கும் இரண்டுமே மூழ்கின. டிஸ்கை அரிசிக்குள் போட்டுக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். இதுவரை செருகிப் பார்க்கவில்லை. பார்க்கலாமா?
- வாசகர், வேளச்சேரி

ப: செருகாதீர்கள் ஐயா. ஹார்டு டிஸ்கில் தகடு சுழலும்போது படிக்கும் ஹெட் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து போகும். சாதாரண டிஸ்கின் மூடியில் காற்றழுத்தம் சமன்படுத்த ஒரு சிறு துளை இருக்கும், வெள்ளம் அதன் வழியே உள்ளே போகும். தண்ணீர் காய்ந்தாலும் வண்டல் தகட்டில் தங்கிவிடும். அரிசி அதை எடுக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கமிருந்து கடைக்கு வந்த டிஸ்குகளில், வீட்டில் கரண்ட் கொடுத்துப் பார்த்தவற்றின் தகட்டில் வட்ட வட்டமாகக் கீறல் இருந்தது. கீறலின் கீழ் இருந்ததை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடிக் கொண்டுவந்தவர்களுக்குத்தான் நிறைய கிடைத்தது. உங்களுடையது காய்ந்துவிட்டது, போகட்டும். கரண்ட் கொடுக்காமல் இருந்தீர்களே, அதனால் நம்பிக்கை இருக்கிறது. தூசியில்லாத கிளீன் ரூம் வசதி உள்ள மீட்பு நிலையத்துக்கு அப்படியே எடுத்துப் போங்கள். ஸ்க்ரூடிரைவரோடு மூடியைத் திறக்க வருகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு நடந்ததுதான் எல்லா வாசகர்களும் கவனிக்க வேண்டியது. ஒரே மேசையில் இருக்கும் இரண்டு காப்பி, வெள்ளத்துக்கும் திருடனுக்கும் ஒரே காப்பிதான். மூன்று காப்பி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்று 3-2-1 கணக்கு சொல்வார்கள். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய வழக்கம். சென்னைக்காரர்கள் 'வீட்டுக்கு வெளியே' என்பதை 'ஊருக்கு வெளியே' என்று எடுத்துக்கொள்வது நல்லது. வேளச்சேரியில் மழை கொட்டும்போது முடிச்சூர் மச்சான் வீட்டிலும் கொட்டும். திருச்சியிலோ கோவையிலோ சொந்தக்காரர் இருந்தால் ஒரு டிஸ்க் அங்கே இருக்கட்டும். பொங்கலுக்குப் போகும்போது புதுசைக் கொடுத்துப் பழையதை வாங்கி வந்துவிடலாம்.

கே: சவுகார்பேட்டையில் மொத்த வியாபாரம். டாலியில் பத்து வருடக் கணக்கு இருக்கிறது, சிஸ்டம் மெதுவாகிவிட்டது. பழைய வருடங்களை அழிக்கலாமா?
- வாசகர், சவுகார்பேட்டை

ப: முதலில் ஒரு விஷயம். டாலி கணக்கு பெரும்பாலும் அவ்வளவு பெரிதாக இருக்காது. தினமும் எடுத்த பேக்கப்புகள் ஆண்டுக்கணக்கில் ஒரே ஃபோல்டரில் குவிந்திருக்கும், இடம் அங்கே போயிருக்கும். ஒவ்வொரு மாத முடிவு பேக்கப்பையும், ஆண்டு முடிவையும் வைத்துக்கொண்டு இடைப்பட்ட பழையவற்றை எடுத்துவிடலாம்.

கணக்கையே அழிப்பதென்றால் சட்டத்தைப் பாருங்கள். ஜிஎஸ்டியில் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24க்கு அந்தத் தேதி 2024 டிசம்பர் 31, ஆக 2030 டிசம்பர் முடிய. அப்பீல், வழக்கு நடந்தால் அது முடிந்து ஓராண்டு வரைக்கும் நீளலாம். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனிச் சட்டப்படி எட்டு நிதியாண்டு. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதையும் அழிக்காதீர்கள். எடுத்து வைக்கும் பேக்கப்பை வேறொரு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, ட்ரையல் பேலன்ஸ் கையில் இருக்கும் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். கூடவே டே புக், லெட்ஜர் எல்லாம் பிடிஎஃப்.

கே: சார், நான் காலேஜ் ஸ்டூடன்ட். புராஜெக்ட் வீடியோ 6 ஜிபி. 32 ஜிபி பென் டிரைவ் காலியாக இருந்தும் 'ஃபைல் பெரிது' என்று ஏற்க மறுக்கிறது. இன்னொன்று, பழைய புராஜெக்ட்களைப் போட்டு அலமாரியில் வைக்க எஸ்எஸ்டி வாங்கலாமா?
- வாசகர், பெரம்பூர்

ப: தம்பி, உங்கள் பென் டிரைவ் ஃபாட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பதை வெளியே எடுத்துக்கொண்டு எக்ஸ்ஃபாட் ஆக ஃபார்மேட் செய்தால் போதும்.

அலமாரிக்கு எஸ்எஸ்டி வேண்டாம், ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கிறது. கரண்ட் இல்லாமல் கிடந்தால் மெல்ல மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் வேகமாகக் கசியும். ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பின் கணக்கில் சாதாரண எஸ்எஸ்டி, எழுதும் ஆயுள் முடிந்த நிலையில் 30 டிகிரியில் ஓராண்டு தாங்கினால் போதும். புதுசு அதைவிட நன்றாகவே தாங்கும், ஆனால் மே மாதத்தில் நம் ஊர் அலமாரி 30 டிகிரியிலா இருக்கிறது? தினசரி வேலைக்கு எஸ்எஸ்டி, தூக்கி வைக்க ஹார்டு டிஸ்க். அதையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகி ஓடவிடுங்கள். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் 05, சி5, சி6 என்ற வரிகளில் (கெட்டுப்போன இடங்களின் கணக்கு) எண் ஏற ஆரம்பித்தால் உடனே வேறு டிஸ்குக்கு மாற்றுங்கள்.

கே: எல்லாம் கூகுளில் ஏற்றிவிட்டேன். டிஸ்க் எதற்கு?
- வாசகி, அண்ணா நகர்

ப: கூகுள் நல்ல மூன்றாவது காப்பி, ஒரே காப்பியாக வேண்டாம். 2021 ஜூன் 1க்குப் பிறகு ஏற்றும் போட்டோக்கள் 15 ஜிபி கணக்கில் சேர்கின்றன. அது நிரம்பினால் புதுப் படம் ஏறாது. போனில் சிங்க் ஓடும்போது கூகுள் போட்டோஸில் ஒன்றை அழித்தால் போனிலும் கூகுளிலும் சேர்ந்தே போகும். இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கணக்கை அழிக்கும் விதியும் இருக்கிறது. வீட்டில் பெரியவர் பெயரில் இருக்கும் கணக்கின் பாஸ்வேர்டு இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

கே: எல்லாவற்றையும் புது டிஸ்குக்கு மாற்றிவிட்டேன். பழைய டிஸ்கை பழைய பொருள் வாங்குபவரிடம் போடலாமா? ஃபார்மேட் செய்துவிட்டேன்.
- வாசகர், ராயபுரம்

ப: எந்த ஃபார்மேட் என்பதைப் பொறுத்தது. 'குயிக்' ஃபார்மேட் பொருளடக்கத்தை மட்டும்தான் அழிக்கிறது, உள்ளே இருக்கும் ஆதார், பேங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் அப்படியே கிடக்கும். சாதாரண மீட்பு மென்பொருள் போதும், எடுத்துவிடலாம். 'குயிக்' டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மேட் கொடுத்தால் இப்போதைய விண்டோஸ் டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதும். பெரிய டிஸ்கென்றால் பல மணி நேரம் ஆகும், ஆகட்டும். எஸ்எஸ்டியாக இருந்தால் தயாரித்த கம்பெனியின் மென்பொருளில் 'செக்யூர் இரேஸ்' கொடுக்க வேண்டும்.

ஆனால் அவசரப்படாதீர்கள். 'குயிக்' ஃபார்மேட் மட்டும் செய்திருந்தால் இப்போதைக்கு எதையும் அதில் எழுதாமல் ஓர் ஆறு மாதம் வீட்டிலேயே வையுங்கள். புது டிஸ்கில் ஏதாவது திறக்கவில்லை என்று தெரிந்தால், இந்தப் பழையதிலிருந்து எடுத்துக்கொள்ள வழி இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பூஜ்யம் எழுதி, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.